சென்ட் வாசனை துணியை விட்டுப் போகவில்லையா? அறிகுறி பார்த்துச் சரி செய்யும் வழி

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் சலவை, இஸ்திரிக் கடை நடத்துகிறேன். கறையோடு வரும் துணிக்கு அடுத்தபடி எங்களிடம் அதிகம் வருவது வாசனையோடு வரும் துணி. "அண்ணே, துவைச்சாச்சு, ஆனா சென்ட் வாடை இன்னும் போகல" என்று சட்டையை நீட்டுவார்கள். ஒருவர் வீட்டில் குழந்தைக்கு வீசிங் இருக்கும். ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார். இன்னொருவர் வாடகைக்கு எடுத்த ரிசப்ஷன் கோட்டை மறுநாள் திருப்பித் தர வேண்டியவர். காரணம் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: உடம்பில் மணக்கட்டும், துணியில் ஏறாமல் இருக்க என்ன செய்வது, ஏறிவிட்டால் எப்படி எடுப்பது?

கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். உங்கள் துணிக்கு எது பொருந்துகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில் வரும், செலவு பிடிக்கும் வழி கடைசியில் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. வாசனை போகாத துணிக்கு இஸ்திரி போடாதீர்கள். சென்ட்டில் இருப்பது எண்ணெய். சூடு பட்டால் அது நூலில் இறுகிக்கொள்ளும், வெள்ளைத் துணியில் பழுப்பாகவும் தெரியும். அதற்கப்புறம் எடுப்பது இரட்டை வேலை.

முதலில் வாசனை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

தினமும் சென்ட் போடுகிறவரின் மூக்குக்கு அந்த வாசனை பழகிப்போயிருக்கும். அவரால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வீட்டில் சென்ட் போடாத ஒருவரிடம் துணியைக் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் கால் மணி நேரம் மொட்டை மாடியில் காற்று வாங்கிவிட்டு வந்து நீங்களே பாருங்கள்.

காய்ந்த துணியில் வாசனை அடங்கிக் கிடக்கும். இஸ்திரி மேசையில் இதை நாங்கள் நன்றாகவே பார்க்கிறோம். சட்டை மடிப்பாக வரும்போது ஒரு வாசனையும் இருக்காது. காலரில் தண்ணீர் தெளித்துப் பெட்டியை வைத்ததும் ஆவியோடு குப்பென்று வெனிலாவோ கஸ்தூரியோ எழும்பும். அந்த நொடியிலேயே பெட்டியை எடுத்துவிட்டுச் சட்டையைத் தனியாக வைத்துவிடுவோம். வீட்டில் இதற்கு இஸ்திரி தேவையில்லை. ஒரு கைக்குட்டையை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து காலர், மார்பு, அக்குள், கைமுனை என்று ஒவ்வோர் இடமாக அரை நிமிடம் ஒற்றி வைத்து முகருங்கள். எந்த இடம் என்று தெரிந்துவிடும். பட்டுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், தண்ணீர் வட்டம் விழும்.

வாசனை காலரில் மட்டும் இருந்தால் போடுகிற விதத்தில் கோளாறு, முதல் அறிகுறிக்குப் போங்கள். துணி முழுக்க ஒரே மாதிரி இருந்தால் சோப்பில் அல்லது பீரோவில் கோளாறு, இரண்டாவதையும் ஆறாவதையும் பாருங்கள்.

அறிகுறி 1: உடம்பில் மணக்கவில்லை, சட்டையில் மட்டும் மணக்கிறது

*சட்டை போட்ட பிறகு அடிக்கிறீர்களா?* பெரும்பாலும் இதுதான். அவசரத்தில் வாசலில் நின்று சட்டை மேலேயே இரண்டு அழுத்து அழுத்துவார்கள். காற்றில் அடித்துவிட்டு அந்தப் புகைக்குள் நடந்து போவதும் ஒரு பழக்கமாகிவிட்டது. அதில் தோலுக்குப் போவது கொஞ்சம், துணிக்கும் தரைக்கும் போவதுதான் மீதியெல்லாம். குளித்து, துவட்டி, ஃபேன் கீழே ஈரம் போக நின்று, வெறும் தோலில் ஒரு சாண் தூரத்திலிருந்து அடியுங்கள். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் பொறுத்துச் சட்டையை மாட்டுங்கள். ஆல்கஹால் பறந்து தோல் காய்ந்துவிட்டால் துணிக்கு ஏறுவது பெருமளவு குறையும்.

*அந்த ஐந்து நிமிடமும் காத்திருக்கிறீர்கள், இன்னும் ஏறுகிறதா?* அப்படியானால் இடத்தை மாற்றுங்கள். கழுத்தின் பக்கவாட்டில் போட்டால் நாள் முழுக்கக் காலர் அதைத் துடைத்துக்கொண்டே இருக்கும். காதுக்குப் பின்னால், காலர் எட்டாத உயரத்தில் போடுங்கள். அரைக்கைச் சட்டை என்றால் முழங்கை மடிப்பின் உள்பக்கம் நல்ல இடம். முழுக்கை போடுகிற நாளில் மணிக்கட்டு வேண்டாம், கைமுனை பூராவும் இழுத்துக்கொள்ளும். மண்ணடிப் பக்கம் பெரியவர்கள் காது மடலின் மேல் வளைவில் அத்தர் தொட்ட பஞ்சைச் செருகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். என் கணக்கில் துணிக்குப் பாதகமில்லாத முறைகளில் அதற்குத்தான் முதல் இடம். வாசனை மூக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது, எந்தத் துணியும் அதைத் தொடுவதில்லை.

தலையில் சென்ட் அடிக்கிற பெண்களுக்கு ரவிக்கையின் பின்கழுத்தில் ஏறும். பின்னல் உரசுகிற இடத்தை முகர்ந்து பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

*இடமும் சரி, நேரமும் சரி, அப்படியும் ஏறுகிறதா?* இனி புட்டியைப் பாருங்கள். 'ஓ டி டாய்லெட்' என்று போட்டிருந்தால் வாசனை எண்ணெய் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம். 'ஓ டி பர்ஃப்யூம்' என்றால் ஏறத்தாழ 15 முதல் 20. அத்தரில் ஆல்கஹாலே கிடையாது, எண்ணெய்தான். எண்ணெய் கூடக் கூடத் துணியில் தங்குவதும் கூடும். எலுமிச்சை, ஆரஞ்சு வகை வாசனைகள் சீக்கிரம் பறந்துவிடும். கஸ்தூரி, ஊது (அகில்), சந்தனம், அம்பர், வெனிலா வகையறா துணியில் நாள் கணக்கில் உட்காரும். மறுநாள் வாசனை இருக்கவே கூடாத ஆள் என்றால் முதல் வகைக்கு மாறுங்கள். ஒரு புட்டி வாங்கும் செலவு அது. ஆகவே அதற்கு முன்னால் மேலே சொன்ன இரண்டையும் ஒரு வாரம் செய்து பார்த்துவிடுங்கள்.

அத்தர்தான் வேண்டும் என்பவர்கள் கண்ணாடிக் குச்சியில் தொட்டு ஒரே ஒரு கோடு வையுங்கள். பத்து நிமிடம் கழித்து மெல்லிய காகிதக் கைக்குட்டையால் ஒற்றி எடுத்துவிட்டு உடுத்துங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றினால் போதும். புர்கா துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அது எண்ணெயைப் பிடித்தால் எளிதில் விடாது. கைமுனைக்கு உள்ளே அத்தர் போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று. எலுமிச்சை வகை வாசனை, அதிலும் பெர்கமாட் எண்ணெய் சேர்ந்தது, தோலில் இருக்கும்போது நல்ல வெயில் பட்டால் சிலருக்குக் கருத்த திட்டு விழும். பைக்கில் போகிறவர்கள் வெயில் படாத இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 2: துவைத்தும் வாசனை போகவில்லை

எங்கள் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் இந்த ரகம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

*அது சென்ட் வாசனைதானா?* யாரும் சென்ட் போடாத ஒரு துண்டை, அதே பவுடரில் துவைத்தது, எடுத்து முகருங்கள். அதிலும் அதே வாசனை என்றால் குற்றவாளி சோப்புப் பவுடர், அல்லது கடைசி அலசலில் ஊற்றுகிற வாசனைத் திரவம். இவற்றில் சேர்க்கிற செயற்கைக் கஸ்தூரி வகைகளின் வேலையே தண்ணீரில் போகாமல் துணியில் தங்குவது. வாசனையில்லாத பவுடருக்கு மாறி, அந்தத் திரவத்தை நிறுத்துங்கள். இரண்டு மூன்று சலவையில் குறையும்.

*அலசல் போதுமா?* துவைத்துக் காய்ந்த சட்டையை ஒரு பக்கெட் நல்ல தண்ணீரில் போட்டுக் கையால் அலையுங்கள். நுரை வந்தாலோ, தண்ணீர் வழவழப்பாக இருந்தாலோ பவுடர் இன்னும் துணியில்தான் இருக்கிறது, அது வாசனையையும் பிடித்து வைத்திருக்கிறது. காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. அதில் சோப்பு நுரைக்காது, நுரைக்கவில்லை என்று இன்னும் கொட்டுவோம். கொட்டியது அத்தனையும் படலமாகத் துணியில் உட்காரும். துவைக்கப் போர் தண்ணீரை வைத்துக்கொண்டாலும் கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ வாட்டர் (குடிநீர் வாரியத் தண்ணீர்) ஒரு பக்கெட் ஒதுக்குங்கள். பவுடரைப் பாதியாகக் குறையுங்கள். இது ஒன்றிலேயே சரியாகிப்போன வீடுகள் நிறைய.

*துணி என்ன ரகம்?* உள்பக்கச் சீட்டைப் பாருங்கள். பருத்தியாக இருந்தால் சாதாரணச் சலவையில் போக வேண்டும். பாலியஸ்டர், டெரிகாட்டன், ஜிம் பனியன், கிரிக்கெட் ஜெர்ஸி இவையெல்லாம் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்கிறவை. இவற்றுக்குச் செய்ய வேண்டியது:

முதலில் வாசனை இருக்கும் இடத்தில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு விட்டு விரலால் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கத்தானே அது இருக்கிறது. அப்புறம் அரை பக்கெட் தண்ணீர், கை பொறுக்கிற சூட்டில் எடுத்து, அரை கப் சமையல் சோடா கரைத்து, துணியை உள்பக்கம் வெளியே திருப்பி ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். பிடிவாதமான வாசனை என்றால் இரவு முழுக்க ஊறட்டும். சாயம் போகிற துணி என்றால் ஒரு மணி நேரத்தோடு எடுத்துவிடுங்கள். வழக்கம்போலத் துவைத்து, கடைசிக்கு முந்தின அலசலில் அரை கப் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். கொடியில் காய்ந்ததும் வினிகர் வாடை தானாகப் போய்விடும்.

இந்த இடத்தில் கவனம் வேண்டும். வினிகரையும் ப்ளீச்சையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னப் பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

*காய வைப்பது எங்கே?* அறைக்குள் கொடி கட்டினால் வாசனை அறைக்குள்ளேயே சுற்றும். மொட்டை மாடியில், உள்பக்கம் வெளியே தெரிய, காலரை நிமிர்த்தி, இரண்டு துணிக்கு நடுவே ஒரு கை இடைவெளி விட்டுப் போடுங்கள். மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறியதும் அது பாதி வேலையைப் பார்க்கும். மழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, இதை நம்பி ஊற வைக்காதீர்கள். துணி காயாமல் ஈர வாடை பிடிக்கும், சென்ட்டும் அதுவும் கலந்தால் கப்படிக்கும். அந்த மாதங்களில் ஃபேன் காற்றில் ஓரிரண்டு துணியாகப் போட்டுக் காய வைக்கிற அளவுக்கு மட்டும் எடுங்கள்.

*இவ்வளவும் செய்தாயிற்று, இன்னும் இருக்கிறதா?* வெள்ளைப் பருத்தி என்றால் வெள்ளாவிக்குக் கொடுங்கள். இந்தப் பேட்டையின் பழைய முறை அது. உவர்மண்ணில் நனைத்த துணியைக் கொதிக்கிற பானை மேல் அடுக்கி ஆவியில் வேக வைப்பார்கள். ஆவி நூலுக்குள் புகுந்து எண்ணெயைக் கிளப்பிக்கொண்டு போகும். பூவிலிருந்து அத்தர் இறக்குவதும் ஆவியை வைத்துத்தானே. இப்போது வெள்ளாவி வைப்பவர்கள் குறைவு. கிடைக்காதவர்கள் ஆவி இயந்திரம் உள்ள சலவைக் கடையில் கேளுங்கள். சாயத் துணி, பாலியஸ்டர் இரண்டுக்கும் வெள்ளாவி ஆகாது.

எங்களிடம் கொண்டுவர வேண்டிய கட்டம்: மேலே சொன்னபடி இரண்டு முறை செய்தும் வாசனை இருந்தால் மூன்றாவது முறை வேண்டாம், துணிதான் நையும். ட்ரை வாஷ் கொடுங்கள். நம்மூரில் பெட்ரோல் வாஷ் என்றும் சொல்வார்கள். தண்ணீருக்குக் கரையாத எண்ணெய் அந்தக் கரைப்பானுக்குக் கரையும். பெயரைப் பார்த்துவிட்டு யாரும் வீட்டில் பெட்ரோலை ஊற்றித் துவைக்காதீர்கள். அதன் ஆவி தரையோடு பரவி, தள்ளியிருக்கிற அடுப்பில் போய்ப் பற்றும்.

அறிகுறி 3: அக்குளில் சென்ட்டும் வேர்வையும் கலந்து புளித்த வாடை

வேர்வை நாற்றத்தை மறைக்க அதன் மேலேயே அடிப்பதால் வருவது. காலையில் நன்றாக இருக்கும். மதியம் ஷேர் ஆட்டோவிலோ, விம்கோ நகர் மெட்ரோவின் மூடிய ஏசி பெட்டியிலோ பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திருப்பும்போது தெரியும்.

அக்குளுக்குச் சென்ட் வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, வாசனையில்லாத ரோல் ஆன் போடுங்கள். அது காய்ந்த பிறகு உடுத்துங்கள். சென்ட் வேறிடத்தில் இருக்கட்டும். பனியன் போடுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு மேல்சட்டை தப்பிக்கும், பனியனை மட்டும் தனியாக ஊற வைத்தால் போதும்.

துணியில் ஏற்கெனவே ஏறியிருந்தால் சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் அப்பி அரை மணி நேரம் விட்டுத் துவையுங்கள். வெள்ளைச் சட்டை என்று குளோரின் ப்ளீச் போடாதீர்கள், வேர்வைக் கறை இன்னும் மஞ்சளாகும். துணி அந்த இடத்தில் அட்டை மாதிரி விறைத்துப் போயிருந்தால் வீட்டு வைத்தியம் தாண்டிவிட்டது, கடைக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் முழுக்கப் போகும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

அறிகுறி 4: திட்டு அல்லது பழுப்புக் கறையும் இருக்கிறது

அத்தர் திட்டு புதிது என்றால் முகப்பவுடர் தூவி அரை மணி நேரம் விட்டு உதறுங்கள். அப்புறம் பாத்திரத் திரவம், வெதுவெதுப்பான தண்ணீர். பழைய திட்டு என்றால் மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு, அடியில் ஒரு வெள்ளைத் துணி வைத்து ஒற்றுங்கள். முதலில் உள் மடிப்பில் ஒரு சொட்டு வைத்துச் சாயம் போகிறதா பாருங்கள். பருத்திக்கும் பாலியஸ்டருக்கும் மட்டும் இது. அடுப்பு, விளக்கு, இஸ்திரிப் பெட்டி பக்கத்தில் இருக்கக் கூடாது, ஸ்பிரிட் சட்டென்று பற்றும்.

வெள்ளைக் காலர் பழுப்பாகியிருந்தால் வெனிலா சேர்ந்த சென்ட்டாக இருக்கலாம், அது நாள்பட நிறம் மாறும். இஸ்திரி பட்டிருந்தால் கறை போவது கடினம். தேய்த்துத் தேய்த்து நூலைப் பஞ்சாக்காமல் நேராகக் கடைக்கு வாருங்கள்.

அறிகுறி 5: பட்டுப்புடவை, ஜரிகை வேட்டி, கோட்டு

இங்கே வீட்டில் செய்யக் கூடியது ஒன்றுதான்: காற்று. உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில், ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு நாள் தொங்கவிடுங்கள். பட்டுக்கு வெயில் வேண்டாம். கோட்டுக்கு அகலத் தோள் உள்ள ஹேங்கர் வேண்டும்.

போகவில்லை என்றால் மூடியுள்ள பெட்டியில் அடுப்புக்கரித் துண்டுகளைத் துணியில் முடிந்து ஓரத்தில் வைத்து, புடவையைப் பழைய வேட்டியில் சுற்றி உள்ளே வைத்து, இரண்டு நாள் மூடுங்கள். கரி புடவையில் படக் கூடாது. வாசனையைக் கரி உறிஞ்சும்.

வினிகர், சோடா, ஸ்பிரிட், எலுமிச்சை எதுவும் வேண்டாம். ஜரிகை கருக்கும், சாயம் இறங்கும். சென்ட் பட்ட இடத்தை மட்டும் தண்ணீர் தொட்டுத் துடைத்தாலும் வட்டம் விழும். கரி வைத்தும் போகாவிட்டால் ட்ரை வாஷ். கொடுக்கும்போது அசல் ஜரிகையா, மலிவு ரகங்களான ஹாஃப் ஃபைனா, டெஸ்டட் ஜரிகையா என்று தெரிந்தால் சொல்லுங்கள். கல்யாண வீட்டுக்குப் புறப்படும்போது பட்டு உடுத்திய பிறகு சென்ட் புட்டியைத் தொடவே கூடாது. உடுத்தும் முன் போட்டு முடித்துவிடுங்கள்.

வாடகைக் கோட்டு எடுக்கிறவர்கள் உள்ளே முழுக்கைப் பனியன் போட்டுக்கொள்ளுங்கள். கழுத்தில் கைக்குட்டை மடித்து வைத்தாலும் காலர் தப்பும்.

அறிகுறி 6: போடாத துணியிலும் வாசனை

ஒரு தடவை போட்ட சட்டையை 'இன்னொரு நாள் போடலாம்' என்று பீரோவுக்குள் மாட்டுகிறீர்களா? அதுதான் காரணம். போட்ட துணிக்குக் கதவுக்குப் பின்னால் ஒரு கொக்கி ஒதுக்குங்கள்.

சென்ட் புட்டி பீரோவுக்குள் இருக்கிறதா? மூடி இறுகியிருந்தாலும் கசியும். வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வெயிலும் சூடும் படாத இடமாக இருக்கட்டும்.

அந்துருண்டை வாசனையோடு கலந்திருக்கிறதா? உருண்டையை எடுத்துவிட்டுக் காய்ந்த வேப்பிலை அல்லது வெட்டிவேர் வையுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்துருண்டையோடு கிடந்த துணியைத் துவைக்காமல் குழந்தைக்குப் போடவே வேண்டாம். ஜி6பிடி என்ற பிறவி நொதிக் குறைபாடு உள்ள குழந்தைக்கு, அந்துருண்டையில் இருக்கும் நாஃப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

இரும்பு பீரோ என்றால் காலி செய்து, வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, ஒரு நாள் திறந்து வைத்தால் போதும். மரம் வாசனையை உறிஞ்சியிருக்கும், ஒரு வாரமாவது பிடிக்கும். உள்ளே ஒரு கிண்ணத்தில் சமையல் சோடா வையுங்கள்.

பீரோவிலும் ஒன்றுமில்லை என்றால் ஹெல்மெட் வார், கார் சீட் பெல்ட், தோள்பை வார், தலையணை உறை ஆகியவற்றை முகருங்கள். நேற்றைய சென்ட் அங்கே இருக்கும், இன்றைய சட்டையில் ஏறும்.

டாக்டரிடம் போக வேண்டிய கட்டம்

சென்ட் போட்ட இடத்தில் அரிப்பு, தடிப்பு, நிறமாற்றம் வந்தாலோ, துணியை முகர்ந்தாலே இருமலும் இளைப்பும் வந்தாலோ, அது சலவை விஷயமே கிடையாது. சென்ட்டை நிறுத்திவிட்டு, தோல் தொல்லைக்குத் தோல் டாக்டரையும் இருமல், இளைப்புக்கு நெஞ்சு டாக்டரையும் பாருங்கள். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது புட்டியையும் சோப்புப் பவுடர் கவரையும் எடுத்துப் போங்கள். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் உடனே போங்கள்.

கடையில் கொடுக்கும்போது

எந்தச் சென்ட், எந்த இடத்தில், எத்தனை நாளாச்சு, வீட்டில் என்னென்ன போட்டுப் பார்த்தீர்கள் என்று நான்கையும் சொல்லுங்கள். ஸ்பிரிட் போட்டதை மறைத்தால் கறை எடுக்கிறவர் தவறான மருந்தை வைத்துவிடுவார். "வாசனைத் திரவம் போடாதீங்க, காத்துல போட்டு எடுத்தப்புறம் கவர் போடுங்க" என்று கேளுங்கள், செய்து தருவார்கள். வாங்கும்போது அங்கேயே பிளாஸ்டிக் கவரைப் பிரித்துக் காலரை முகர்ந்து பாருங்கள். வாசனை இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள், இன்னொரு தரம் செய்து தருவது கடைக்காரர் பொறுப்பு. வீட்டுக்குப் போனதும் அந்தக் கவரைக் கழற்றிவிடுங்கள், ட்ரை வாஷ் வாடை உள்ளேயே தங்கிவிடும்.